லாஃப்டில் ஏறிய பக்கெட்

வானம் கறுத்தால் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. தனக்கு இருப்பது இழுப்பு, எனக்கு இருப்பது தவிப்பு, ஆக வீட்டில் இரண்டு நோயாளிகள் என்பாள் என் மனைவி. எங்கள் வீடு திண்டிவனத்தில், ஏரிக்குக் கீழே போட்ட மனைகளில் ஒன்று. நான் வேலை பார்ப்பது விழுப்புரத்தில், டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கடையின் குடோனில், ஸ்டோர் கீப்பராக. பஸ் பிடித்தால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இருபத்திரண்டு வருஷமாக அதை ஒரு தூரமென்றே நான் நினைத்ததில்லை. ஒரு மழைதான் நினைக்க வைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த புயல் மழையில் நான் விழுப்புரத்தில் மாட்டிக்கொண்டேன். விக்கிரவாண்டிப் பக்கம் சாலையில் வெள்ளம். முண்டியம்பாக்கத்தருகே ரயிலும் நின்றுவிட்டது. வீட்டில் அவள் தனியாக இருந்தாள். ஒரே மகள், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அந்த நாளாகப் பார்த்து என் மனைவியுடைய இன்ஹேலரில் மருந்து தீர்ந்திருக்கிறது. தெருமுனை மருந்துக்கடை ஷட்டரில் பாதி வரை தண்ணீர். போனில் டவர் இல்லை. படுத்தால் மூச்சு அடைக்கும் என்று, சுருட்டிய மெத்தையில் சாய்ந்து இரண்டு நாள் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறாள். மாடி வீட்டு அக்காதான் வெந்நீர் வைத்துக் கொடுத்துக் கூடவே இருந்தார். மூன்றாம் நாள் பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது, "சாப்ட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து நான் சூடு கண்ட பூனை. இந்த வருஷம் ஆடி பிறந்ததுமே ஐப்பசியை நினைத்துப் பயப்பட ஆரம்பித்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது விளம்பரத்தில் ஒரு சிவப்புப் பை கண்ணில் பட்டது. ஆபத்துக் காலத்தில் மூன்று நாள் உயிர் காக்கும், எல்லாம் உள்ளேயே இருக்கிறது, வாங்கி வைத்தால் போதும் என்று போட்டிருந்தது. வாங்கி வைத்தால் போதும் என்ற வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. என் ஒரு வாரச் சம்பளம் அது. யோசிக்காமல் ஆர்டர் பட்டனை அமுக்கிவிட்டேன்.

பை வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பாய் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது திசைகாட்டி.

"வடக்கு எங்கன்னு தெரிஞ்சி இன்னா பண்றது? ஏரித் தண்ணி எந்தப் பக்கமா வருதுன்னு காட்டுமா?"

அடுத்தது தூண்டில் முள்ளும் நரம்பும். "மரக்காணத்து மீனு காலைல வாசலுக்கே வண்டில வருது. இதுல புடிச்சி நமக்கு இன்னா குழம்பா வெக்கப் போறீங்க?" என்றாள். வெள்ளித்தாள் மாதிரி ஒரு போர்வை இருந்தது. பனி மலையில் சிக்கியவர்களுக்காம். திண்டிவனத்தில் பனி பெய்தால் அதைப் போர்த்திக்கொள்ளலாம். தீ மூட்ட ஒரு குச்சி இருந்தது, கத்தியால் உரசினால் பொறி வருமாம். நான் மொட்டை மாடிக்குப் போய் அரை மணி நேரம் உரசினேன். பொறி வந்தது, தீ வரவில்லை, கட்டை விரலில் ரத்தம் வந்தது. அதற்கு ஒட்ட பையிலேயே பிளாஸ்திரி இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சத்து பிஸ்கட் என்று ஒரு கட்டியைக் கடித்துப் பார்த்து, "மண்ணு" என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விசில் வந்தது. மாட்டிக்கொண்டால் ஊதி ஆள் கூப்பிட வேண்டும் என்று படம் போட்டிருந்தது. அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூச்சு வர்லன்னா ஊதணும், ஊதணும்னா மூச்சு வேணும். நல்லாருக்குது போங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அந்தப் பையைப் பார்த்து நானே திட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். ரெடிமேட் சட்டை உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் துணி எடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் ஸ்டோர் கீப்பர், எனக்குத் தெரியாத சாமானா என்று கிளம்பினேன்.

பெயின்டர் ஒருவரிடம் சொல்லி வைத்து, இருபது லிட்டர் காலி பெயின்ட் பக்கெட் ஒன்று வாங்கினேன். அந்த மூடியை அழுத்தி மூடினால் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. பிறகு ஒரு மாதம் தினம் ஒன்றாகச் சேர்த்தேன். மெழுகுவத்தி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தீப்பெட்டி, டார்ச், அதற்குத் தனியாக பேட்டரி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், கொஞ்சம் கயிறு, பழைய பெட்ஷீட் ஒன்று. ரேஷன் கார்டையும் பட்டாவையும் நகலெடுத்து உறையில் போட்டேன். உப்பு, சர்க்கரை, பொட்டுக்கடலை மாவு. அவளே வேர்க்கடலை வறுத்து மல்லாட்டை உருண்டை பிடித்துக் கொடுத்தாள். "இத சாப்ட்டா ரெண்டு நாளு தாங்கும், அந்த மண்ணு மாதிரி இல்ல" என்றாள். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டைக் காட்டி, தேதி நீளமாக இருக்கும் இரண்டு இன்ஹேலர் வாங்கினேன். எல்லாம் சேர்த்து அந்தச் சிவப்புப் பையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அன்று நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த கம்பீரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டும்போது குடோன் புத்தி வந்துவிட்டது. எங்கள் குடோனில் விலை கூடிய சாமானை முதலில் வைப்போம், அதன் மேல் மற்றது. நசுங்கக் கூடாதது டப்பாவுக்குள் டப்பா. மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப். மேலே பட்டியல் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து. பிறகு உச்சி ரேக். தண்ணீரோ எலியோ அண்டாது. இருபத்திரண்டு வருஷத்தில் என் கையால் கட்டிய எதுவும் கெட்டதில்லை. அதே மாதிரி இன்ஹேலர் இரண்டையும் உறையில் போட்டு, அதை டிபன் டப்பாவில் போட்டு, பக்கெட்டின் அடியில் வைத்தேன்.

அதை ஹாலின் லாஃப்டில் ஏற்ற நான் ஸ்டூல் மேல் நின்றேன். அவள் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ மேலயா?"

"தண்ணி உள்ள வந்தா?"

"தண்ணி வந்தா சரி... ஏங்க, நீங்க இல்லாதப்ப..."

"ஸ்டூல கெட்டியா புடிம்மா, ஆடுது!"

அவள் கெட்டியாகப் பிடித்தாள். பக்கெட் மேலே போய் உட்கார்ந்தது. அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை, நானும் முடிக்கச் சொல்லவில்லை.

ஐப்பசி சும்மா போனது. கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை காலை நான் கிளம்பும்போது தூறல்தான். பத்து மணிக்கு விழுப்புரத்தில் ஊற்ற ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குள் அவளுக்கு ஐந்து தடவை போன் பண்ணிவிட்டேன். "பேஜாரு பண்ணாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். மேலே பக்கெட் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நினைப்பில் கொஞ்சம் அசையாமல் உட்காரக்கூட முடிந்தது. பல மாதத்தில் முதல் தடவை.

மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டாள். எடுத்ததும் பேச்சு வரவில்லை, மூச்சு இழுக்கும் சத்தம்தான் வந்தது.

"ஏங்க... கைல இருந்தது... காலி..."

"காலியா? புதுசு வாங்கலியா?"

"மேலதான்... ரெண்டு இருக்குதேன்னு... வாங்கல."

குடோனில் என்னைச் சுற்றிப் பெட்டி பெட்டியாகச் சாமான் அடுக்கியிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறு என்று கத்தினேன். கத்தினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கத்தினேன்.

"எங்க ஏர்றது... நிக்கவே முடில..." என்றாள். அதோடு லைன் போய்விட்டது.

மறுபடி போட்டேன், போகவில்லை. மாடி வீட்டு அக்காவுக்குப் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. குடையும் எடுக்காமல் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். திண்டிவனம் பஸ் ஒன்று இன்ஜின் அணைத்து நின்றது. "ரோட்ல தண்ணி சார், எப்ப எடுப்போம்னு தெர்ல" என்றார் கண்டக்டர். நடந்தே போகலாமா என்று கணக்குப் போட்டேன், அதுவும் ஒரு கணக்கா? மீண்டும் போன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அங்கிருந்து இங்கே என்று நடந்தேன். அந்தப் பஸ் நிலையத்தில் எத்தனை தூண் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், பதினான்கு. அந்த நேரம் முழுக்க என் கண்ணுக்குள் ஒரே காட்சிதான். அவள் ஹால் கட்டிலில் சாய்ந்து, தலையை நிமிர்த்தி, லாஃப்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒட்டிய பட்டியல் அங்கிருந்தே தெரியும், பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். இன்ஹேலர், இரண்டு.

நாலேகாலுக்கு மாடி வீட்டு அக்கா கூப்பிட்டார். "இருக்காங்கப்பா, இருக்காங்க. மருந்து இழுத்துட்டாங்க. இப்ப கொஞ்சம் தேவல. நீ மெதுவா வா." நான் பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துடைக்காமல் அழுதேன். மழையில் நனைந்து நின்ற ஆளுக்கு அது ஒரு சௌகரியம்.

தண்ணீர் வடிந்து மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அவள் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தரையில் என் பக்கெட் கிடந்தது, மூடி ஒரு பக்கம், மல்லாட்டை உருண்டை ஒரு பக்கம். டேப் வெட்டுப்பட்டுத் தொங்கியது. நடந்ததை மாடி வீட்டு அக்காதான் சொன்னார். அவள் சிவப்புப் பையிலிருந்த விசிலை எடுக்கவில்லை. சோற்றுத் தட்டை எடுத்து ஜன்னல் கம்பியில் அடித்திருக்கிறாள். மழைச் சத்தத்தில் முதலில் கேட்கவில்லையாம். வெகு நேரம் அடித்திருக்கிறாள். தட்டின் விளிம்பு நெளிந்துபோயிருந்தது.

"ஸ்டூல் போட்டு எறக்கிட்டேன், மூடிதான் வரல. அருவாமணைல டேப்ப அறுத்து, கரண்டிக் காம்ப உட்டு நெம்பி... அப்புறமும் அடில, டப்பாக்குள்ள டப்பா. யாருப்பா இப்டி கட்னது?" என்றார் அக்கா. அவருக்குத் தெரியும் யார் கட்டியது என்று. நான் பட்டியலில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா மாடிக்குப் போனபின் தரையில் உட்கார்ந்தேன். குடோனில் உச்சி ரேக்கில் வைத்தால் எடுத்துத் தர நான் இருப்பேன். என் பயமெல்லாம் நான் இல்லாத நேரத்துக்குத்தான், ஆனால் நான் கட்டி வைத்ததோ நான் இருந்தால் மட்டும் திறக்கிற பக்கெட். கடைக்காரனுடைய பை யாரோ முகம் தெரியாத ஆளுக்குத் தைத்தது, போகட்டும். என்னுடையது எனக்கே தைத்தது. அவளுக்குத் தைத்தவர் யாருமில்லை.

இன்ஹேலர் இரண்டையும் கையில் எடுத்து, "எங்க வெக்கட்டும்?" என்று கேட்டேன்.

அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே இடது கையை நீட்டினாள். அது சுவரில் பழைய காலண்டர் ஆணி இருந்த இடத்தில் போய்த் தொட்டது.

"இங்க. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

சிவப்புப் பையைக் கொட்டிக் காலி பண்ணி அந்த ஆணியில் மாட்டினேன். உள்ளே இரண்டு இன்ஹேலர், டார்ச், நெளிந்த தட்டு, ஒரு கரண்டி. ஜிப்பை மூடக் கூடாது என்று அவள் உத்தரவு. மற்றதெல்லாம் பக்கெட்டில், மூடி போடாமல், கட்டிலுக்கடியில். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். சலித்துக்கொண்டே எடுத்துக் காட்டினாள்.

இப்போதும் வானம் கறுத்தால் நான் குடோனிலிருந்து போன் பண்ணத்தான் செய்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

"கை எட்டுதா?"

"எட்டுதுங்க, எட்டுது" என்பாள் ஒவ்வொரு தடவையும். நேற்றும் அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் இன்னொன்றும் சொன்னாள்.

"நீங்கதான் எட்டல."