கப்பல் அங்கேயே நிற்கிறது

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

'வந்திருந்தான்' என்று எழுதுவதற்கு மன்னியுங்கள். என்னைவிட நாலு வயது மூத்தவன், ஹார்ட்வெயார் கடை முதலாளி, தலையில் பாதி முடி இல்லை. ஆனாலும் 'வந்திருந்தார்' என்று எழுதினால் யாரோ கல்வி அதிகாரி வந்துபோன மாதிரி இருக்கிறது. அதனால் இந்த வாரம் முழுக்க அவன், இவன்தான்.

சாப்பிட்டு முடித்து ஹாலுக்கு வந்தோம். என் மகள் கயல் டிவி முன்னால் உட்கார்ந்து ஏதோ கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். கொழும்பில் இருக்கும் சிநேகிதியோடு சேர்ந்து விளையாடுகிறாளாம். ஒரே வீட்டில் இருக்கும் என்னோடு பேச நேரமில்லை... நூற்றுச் சொச்சம் மைலுக்கு அப்பால் இருக்கிறவளோடு கப்பல் ஓட்டுகிறாள்!

ஆமாம், கப்பல். திரையில் நீலக் கடல். ஒரு கப்பல். இரண்டு பேர்.

"பெரியப்பா, இங்க பாருங்க. ரெண்டு பேரும் ஏறுனாத்தான் இந்தக் கப்பல் போகும். ஒரு ஆள் மட்டும் ஏறுனா நகராது" என்றாள் கயல்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் நாங்கள் பதுளையில் இல்லை... பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில் இருந்தோம்.

இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். குவைத்தில் வீட்டு வேலை செய்த சித்தி லீவில் வந்தபோது, சூட்கேசுக்குள் துணி சுற்றிய ஒரு பொருளையும் கொண்டுவந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன கேம் மெஷின். கையில் பிடிக்கிற கன்ட்ரோல் இரண்டு, மெமரி கார்ட் ஒன்று, சீடி ஒன்று.

ஒரே ஒரு சீடி!

அதில் இருந்த எழுத்து சீனமா, ஜப்பானா... இன்றுவரை எனக்குத் தெரியாது. கேமின் பெயரும் தெரியாது. நாங்கள் வைத்த பெயர் 'கப்பல்'. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர். ஒரு பாய்மரக் கப்பல். தீவு தீவாகப் போக வேண்டும். ஒவ்வொரு தீவிலும் ஊர் இருக்கும், குகை இருக்கும், ஒரு பூதம் இருக்கும். பூதத்தை அடித்தால் கப்பலுக்குப் பலகையோ பாயோ கிடைக்கும். அப்புறம் அடுத்த தீவு. பெரியவன் சுக்கானைப் பிடிக்க வேண்டும், சின்னவன் பாயை இழுக்க வேண்டும். ஒருவன் கரையில் நின்றால் கப்பல் அசையாது.

யார் பெரியவன், யார் சின்னவன் என்று சண்டை வரவே இல்லை. அதுதான் பிறந்தபோதே முடிவாகிவிட்டதே! ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஆசை இருந்தது. சுக்கானைப் பிடிக்கிறவனுக்குப் பெரிய வாள். பாயை இழுக்கிறவனுக்கு ஒரு கவண். நீங்களே சொல்லுங்கள், நியாயமா?

எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. பதினான்கு அங்குலம். கடலும் சாம்பல், வானமும் சாம்பல், பூதமும் சாம்பல். நிஜக் கடலை நாங்கள் இரண்டு பேரும் அதுவரை பார்த்ததில்லை. வெயில் நாளில் அப்புத்தளைப் பக்கம் போனால் தூரத்தில் கோடு மாதிரித் தெரியும் என்பார்கள். நாங்கள் போன நாளெல்லாம் பனிமூட்டம்.

எழுத்து புரியாதா? பரவாயில்லை. எங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் புரிந்துகொண்டோம். தோட்டத்தில் டிவிஷனை 'கணக்கு' என்போம் அல்லவா? முதல் தீவு மேக்கணக்கு. இரண்டாவது கீக்கணக்கு. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒருத்தன் நின்று நீளமாக ஏதோ பேசுவான். வேலை ஏவுகிற ஆள். அவன் கணக்கப்பிள்ளை. கடைசியில் வரும் மகா பெரிய பூதத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'தொரை'. தோட்டத்துத் துரை நல்ல மனிதர்தான். பாவம், அவருக்கு இது தெரியாது.

இனி நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

தீவுகளில் எங்கு பார்த்தாலும் புதர்கள். பக்கத்தில் போய் பட்டனை அழுத்தினால் புதர் ஆடும். சிலதில் பழம் விழும், பலதில் ஒன்றும் விழாது. உலகத்தில் வேறு யார் விளையாடியிருந்தாலும் போகிற வழியில் இரண்டு புதரை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நாங்கள்? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். மலை நிறையச் செடியைப் பார்த்தால் சும்மா போக முடியுமா?

ஆளுக்கு ஒரு நிரை பிடித்தோம். அம்மா கொழுந்து எடுப்பாளே, அதே மாதிரி. கீழேயிருந்து மேலே. பிடித்த நிரையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. நான் அவசரப்பட்டு ஒரு புதரை விட்டுவிட்டால் அண்ணன் சத்தம் போடுவான்.

"டேய், நெரய ஒழுங்கா முடிச்சிட்டு வாடா. அங்க ஒன்னு நிக்கிது பாரு!"

அம்மா விடிகாலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். வந்து பார்த்தால் இங்கேயும் இரண்டு பேர் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்போம்.

"ஏன்டா, இதுக்காடா நான் ஒங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?" என்பாள்.

மேக்கணக்கை முடித்துக் கப்பல் ஏறவே எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

ஆறாவது தீவில் இருந்தபோது அண்ணனின் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்தது. கணக்கும் இங்கிலீசும் காலை வாரிவிட்டன. இன்னொரு தடவை எழுது என்று அப்பா சொன்னார். அவன் கேட்கவில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊர்ப் பையன் ஒருத்தன் சொல்ல, பையைக் கட்டிவிட்டான். 'நான் போனாத்தான் தம்பி படிக்கலாம்' என்று அவன் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் ஒன்றுதான் சொன்னான்.

"தீவாளிக்கு வருவேன்டா. அதுவரைக்கும் கப்பல எடுக்காத. ரெண்டு பேரும் சேந்துதான் முடிக்கணும். சரியா?"

"சரிண்ணே. சத்தியமா."

நாலு மாதம் இருந்தது தீபாவளிக்கு. பதின்மூன்று வயதில் நாலு மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அண்ணன் கடிதம் போடுவான். 'கடல் டிவியில் இருக்கிற மாதிரி இல்லை, சத்தம் போடுகிறது' என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: 'கப்பல் அங்கேயே நிற்கிறதா?'

நானும் பதில் போடுவேன். 'கப்பல் அங்கேயே நிற்கிறது.'

முதல் இரண்டு கடிதத்தில் அது உண்மை.

மூன்றாவது கடிதம் எழுதும்போது கப்பல் எட்டாவது தீவில் இருந்தது. அடுத்த காம்பரா யோகேசைக் கூப்பிட்டுக்கொண்டேன். அண்ணனோடு சேவ் செய்து வைத்ததைத் தொடவில்லை. மெமரி கார்டில் பக்கத்து இடத்தில் புதிதாக ஆரம்பித்தோம். தொடவில்லை என்றால் சத்தியம் மீறவில்லை என்றுதானே அர்த்தம்? இப்படித்தான் எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன்.

பெரியவனை நான் வைத்துக்கொண்டேன். என்னுடைய சின்னவனை யோகேசிடம் கொடுத்தேன். பெரிய வாள், சுக்கான், எல்லாம் எனக்கு! யோகேசுக்கு நிரையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. "எதுக்குடா எல்லாத்தையும் ஆட்டிக்கிட்டு?" என்று நேராக ஓடுவான். மூன்றே வாரத்தில் தொரையை அடித்து, கேமை முடித்துவிட்டோம்.

முடிந்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒரு பத்து நிமிடம். அப்புறம்தான் உறைத்தது. அண்ணனுக்குத் தெரிந்தால்? கொழும்பில் காலையிலிருந்து துணி மடித்துக்கொண்டு நிற்கிறவன், தீபாவளிக்கு வந்து கப்பலை எடுக்கலாம் என்று காத்திருக்கிறவன்... அவனிடம் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? தீபாவளிக்கு முந்திய வாரம் நானும் யோகேசும் சேவ் செய்ததை அழித்தேன். யோகேசிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் சத்தியத்தின் லட்சணம் தெரிந்த பிறகும் அவனுடையதை நம்பினேன் பாருங்கள்!

அண்ணன் வந்தான். எனக்கு ஒரு ஜீன்ஸ், அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு உடுத்தச் சாரம். ஐந்து நாள் லீவு. தீபாவளிக்கு மறுநாள் காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம். நான் சின்னவன், அவன் பெரியவன்.

அந்த மூன்று நாள் நான் நடித்த நடிப்பு இருக்கிறதே... பூதம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "ஐயோ, அண்ணே!" என்று கத்துவேன். குகையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும். வேண்டுமென்றே தப்பான பக்கம் போவேன்.

ஏழாவது தீவில் ஒரு சாவி இருந்தது. ஒரு பெரிய மலை, மலை முழுக்கப் புதர். ஏதோ ஒரு புதருக்குள் சாவி. எது என்று எனக்குத் தெரியும். மேல் நிரையில், வலது மூலையில், கடைசிப் புதர். ஓடிப்போய் எடுக்கக் கை துடிக்கிறது. எடுத்தால் மாட்டிக்கொள்வேன். அதனால் கீழேயிருந்து ஒழுங்காக நிரை பிடித்தேன். அண்ணனும் பக்கத்து நிரையைப் பிடித்தான். ஒரு புதர் விடாமல், மத்தியானம் வரைக்கும், அந்த மலை முழுவதையும் ஆட்டினோம். கட்டை விரல் கொப்பளித்துவிட்டது.

சாவி கிடைத்தபோது நான் எழுந்து குதித்தேன். அண்ணன் அதைவிட உயரமாகக் குதித்தான்.

"என்னடா, லொத்தர் சீட்டு கீட்டு விழுந்துருச்சா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

லீவு முடிவதற்கு முதல் நாள் தொரையை விழுத்தினோம். அண்ணன் என் தலையைக் கலைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து முடிச்சிட்டோம்டா" என்றான். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இருபது வருடத்துக்கு மேல் இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. அண்ணன் அனுப்பிய காசில்தான் நான் படித்தேன், ஆசிரியர் ஆனேன், பதுளையில் வீடு கட்டினேன். இத்தனைக்கும் நடுவில் இந்த ஒன்று மட்டும் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரிக் கிடந்தது.

போன ஞாயிறு, நாங்களும் அந்தக் காலத்தில் இப்படி ஒரு கப்பல் ஓட்டினோம் என்று நான் சொன்னதும் கயல் ஆர்வமாகக் கேட்டாள்: "அப்பா, நீங்க விளையாடுன கப்பல் இந்த மாதிரியா இருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"இத விட அழகும்மா. பாய் நல்ல பச்சக் கலரு. சின்னவனுக்குச் செவப்புச் சட்ட."

நான் அவனையே பார்த்தேன்.

"அண்ணே... நம்ம டிவி கறுப்பு வெள்ளதானே?"

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பச்சைனு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப எதுக்குடா அதெல்லாம்..."

"சொல்லுண்ணே."

"நான் தங்கியிருந்த ரூம்ல கலர் டிவி இருந்துச்சு. ஒருத்தன் மெஷினும் வச்சிருந்தான். ரோட்டுக் கடைல அதே சீடியப் பாத்தேன். ஒன் ஞாபகம் வந்துருச்சு, வாங்கிட்டேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "அவனோட சேந்து தீவாளிக்கு முன்னாடியே முடிச்சிட்டேன்டா. நீ பாவம், தொடாம காத்துக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சாவி எந்தப் புதரில் இருக்கிறது என்று தெரிந்த இரண்டு பேர், தெரியாத மாதிரி, ஒரு மலை முழுக்க நிரை பிடித்திருக்கிறோம்! சிரித்துக்கொண்டே என் கதையையும் சொன்னேன். யோகேஸ், பக்கத்து இடம், அழித்தது, எல்லாவற்றையும். அண்ணன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். கயல் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"பெரியவன நான் வச்சுக்கிட்டு, சின்னவன யோகேஸ்ட்ட குடுத்துட்டேன்ணே" என்றேன். "ரொம்ப நாள் ஆச."

"அப்படியா? நான் சின்னவனா ஆடுனேன்டா."

"நீயா? ஏன்? பெரிய வாளு அங்கதானே இருக்கு?"

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். திரையில் கயலின் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னான்.

"ஒன்னைய எப்படிடா வேற ஒருத்தன்ட்ட குடுக்குறது?"

தேத்தண்ணி ஊற்றிவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

யோசித்துப் பாருங்கள். என்னை யோகேசிடம் தூக்கிக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெரியவனாக வேண்டும் என்ற ஆசை எனக்கு. அவனுக்கு இருந்தது என்ன என்றால்... வேண்டாம், விடுங்கள். அதையும் எழுதினால் பண்டாரவளையிலிருந்து போன் போட்டுத் திட்டுவான்.