நகுலேஸ்வரியின் நரிப் பாட்டு

லண்டனின் நோர்பரியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருப்பவர் நகுலேஸ்வரி. நாற்காலியில் வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைகளுக்காகத்தான் முதலில் பாட்டுக் கட்டினார். பிள்ளை சிரித்ததும் வைத்தியர் ஊசியோடு உள்ளே புகுந்துவிடுவார். இலக்கியத்தால் பயனில்லை என்று யார் சொன்னது?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் செல்வரத்தினம் ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டுக் கேட்டார். நாற்காலிப் பிள்ளைகளுக்குப் பாடிவந்த ஒன்றை நகுலேஸ்வரி எழுதிக் கொடுத்தார்:

குப்பை வாளி கவிழ்ந்தது
கோழி எலும்பு விழுந்தது
நரியார் வந்து குந்தினார்
நாப்கின் கேட்டுத் திட்டினார்

தலைவர் இரண்டு தடவை படித்தார்.

"இதிலை நீதி எங்கை, தங்கச்சி?"

"நீதி ஒண்டும் இல்லை அண்ணை. நரிக்குப் பசி."

"நீதி இல்லாமல் பிள்ளையளுக்குப் பாட்டோ? ஏலாது."

பாட்டைக் காப்பாற்ற நிர்வாகக் குழு பல முறை கூடியது. நரி தந்திரமானது என்பதால் சிங்கமானது. சைவப் பெற்றோரின் மனம் நோகாதிருக்கக் கோழி எலும்பு மாம்பழமானது. சிங்கம் அதிகாலையில் எழுந்து, பெற்றோரை வணங்கி, மாம்பழம் தின்றது. விலங்கியலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நகுலேஸ்வரி மாற்றிய பாட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப என்ர பேரை எடுத்துவிடுங்கோ."

அவர் கேட்டதில் குழு உடனே நிறைவேற்றியது அது ஒன்றைத்தான். விழா மலரில் 'ஆக்கம்: செல்வரத்தினம்' என்று வந்தது.

விழாவன்று அட்டைப் பிடரிமயிர் கட்டிய சிங்கங்கள் மேடையேறின. முன்வரிசையில் நின்ற ஜெனோஜாவுக்கு அண்மையில்தான் பல் பிடுங்கியிருந்தார்கள். அதிகாலையில் எழுந்த சிங்கம் அடுத்து என்ன செய்தது என்பது அவளுக்கு மறந்துபோனது. பல் வைத்தியரிடம் கேட்ட நரிப் பாட்டைப் பாடினாள். அதே நாற்காலியில் இருந்து எழும்பிய மற்றச் சிங்கங்களுக்கும் அது ஏற்கெனவே பாடம். நாப்கின் கேட்டு நரியார் திட்டியபோது மண்டபமே சேர்ந்து திட்டியது. பின்வரிசையில் நகுலேஸ்வரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்வரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பிள்ளையளின்ர கற்பனைக்கு இடம் குடுக்கிறதுதான் எங்கட கொள்கை!" அவருக்குக் கைதட்டல் பலமாகக் கிடைத்தது.

அடுத்த வாரமே நகுலேஸ்வரியைக் குழுவில் சேர அழைத்தார்.

"வரேலாது அண்ணை. ஞாயிற்றுக்கிழமை நூலகத்திலை பிள்ளையளோடை பாடப் போறன்."

"கூட்டம் சனிக்கிழமைதானே?"

"ஓம். அண்டைக்குப் பாட்டு எழுத வேணும்."

இப்போது அவர் பாடுவது, கைகாட்டியும் நிறுத்தாமல் போகும் பஸ்ஸைப் பற்றி. பிள்ளைகள் அதை இரண்டடுக்குப் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து ஓட்டுநருக்குக் கேட்கும்படி பாடுகிறார்களாம். பெற்றோர் முறையிடுகிறார்கள். நகுலேஸ்வரி இரண்டாவது சரணம் எழுதிக்கொண்டிருக்கிறார்.