எரித்த கதைகளில் ஒன்று

பழைய அறிவியல் கதைத் தொகுப்புகளை ஓயாமல் புகழ்கிறவர்கள் ஒன்றைக்கூட முழுதாக வாசித்திருக்க மாட்டார்கள். பதினைந்து கதை இருந்தால் மூன்று தேறும். நாலு சுமார். மிச்சம் குப்பை. வீட்டைவிடப் பெரிய இயந்திரம் ஒன்று கூட்டல் கணக்குப் போடும், அதைப் பார்த்து விஞ்ஞானி மலைத்து நிற்பார். ராக்கெட்டில் ஒரே ஒரு பெண் இருப்பாள், அவளும் காப்பி போடுவாள். ஆனால் தேறிய மூன்றில் ஒன்று, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் நடக்க வைக்கும். அதற்காகத்தான் மற்றதையும் சகித்தேன்.

என்னிடம் அப்படி இருபது புத்தகங்கள் இருந்தன. பள்ளிக்கூட நாட்களில் நானும் அக்காவும் புதுக்கடை ஊரில் ஒரு பழைய பேப்பர் கடையில் பொறுக்கியவை. அக்கா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போனபோது அவள் பங்கையும் என்னிடம் விட்டுப் போனாள். இப்போது அங்கேயே மகளோடு இருக்கிறாள். நான் திருவட்டாறு பக்கத்தில் தனியாக இருக்கிறேன். கொஞ்சம் ரப்பர் மரம், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்த ஒரு புகைப்புரை. பேச ஆள் கிடையாது. அந்தத் தனிமையில் பாதி என் வாயால் வந்தது.

போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு புத்தி வந்தது. நல்ல கதைகளை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? பிளேடை எடுத்து மோசமானவற்றை அறுத்தேன். நல்லதைச் சேர்த்து சாக்கு ஊசியால் தைத்தேன். மூன்று தடித்த கட்டுகள் வந்தன. அறுத்துப் போட்டதை வைத்துப் புகைப்புரையில் ஈர விறகைப் பற்றவைத்தேன். ஒரு வாரம் நன்றாக எரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன். கொஞ்ச காலம் எதையும் வாசிக்கக் கூடாது என்றார்களாம். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவள் மட்டும். ஞாயிறுதோறும் போனில் ஒரு கதை வாசிக்கச் சொன்னாள். மூன்று வாரம் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டோம். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிறை எண்ணத் தொடங்கியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

நாலாவது வாரம் செவ்வாய் கிரகத்துத் தபால்காரன் கதையைக் கேட்டாள். எல்லாரும் பூமிக்குத் திரும்பிய பிறகும் அவன் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கடிதம் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டே இருப்பான். மூச்சுக்குக் காற்று எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி கிடையாது. செவ்வாயில் சைக்கிள் மிதிப்பான். கேவலமான கதை.

“அது இல்ல அக்கா. எரிச்சாச்சு.”

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிளேடு, ஊசி, புகைப்புரை எல்லாம் சொன்னேன்.

“ஏலே, அது எனக்க புஸ்தகம்லா,” என்றாள். “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

மோசமான கதைதானே என்றேன்.

“மோசந்தான். எனக்குத் தெரியாதா? இங்க வந்த முதல் வருஷம் ஹாஸ்டல்ல கெடந்து அதத்தான் நெனச்சிட்டிருந்தேன்.”

போனை வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு அழைப்பு இல்லை. நான் அழைத்தும் எடுக்கவில்லை.

ஒரு நோட்டு வாங்கி அந்தக் கதையை ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் ஆனது. கை சும்மா இருக்கவில்லை. தபால்காரனுக்கு முதுகில் ஆக்ஸிஜன் சிலிண்டர் கட்டினேன். சைக்கிளைப் பிடுங்கிவிட்டு நடக்கவிட்டேன். அவன் அங்கேயே தங்கியதற்கு ஒரு காரணமும் கொடுத்தேன். அதற்கடுத்த ஞாயிறு அக்கா போனை எடுத்தாள். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

“நல்லா எழுதியிருக்க மக்கா. ஆனா இது அதில்ல. அவன் சைக்கிள்லதான் போவான்.”

திருத்துகிறேன் என்றேன். வேண்டாம், தைத்த கட்டுகளில் இருப்பதில் எதையாவது வாசி என்றாள். இருப்பதிலேயே சிறந்தது என்று நான் நினைக்கும் கதையை எடுத்தேன். நாலாம் பக்கம் வாசிக்கும்போது போனில் குழாய் திறக்கும் சத்தம், பாத்திரம் உரசும் சத்தம். கேட்கிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கடைசிப் பக்கம்வரை வாசித்தேன்.