பாடாங் மேஹா மொய்யும் இரு கரை வரியும்

காலை எட்டு மணிக்குச் சுங்கைப்பட்டாணியை விட்டுக் கிளம்பினேன். எட்டு என்பது கடிகாரத்தின் கணக்கு. ஜப்பான்காரன் வந்ததும் டோக்கியோ நேரத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டான். வானம் அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. சைக்கிளுக்கு டயர் கிடையாது. தண்ணீர்க் குழாய் ரப்பரை அளவாக வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் இறுக்கியிருந்தேன். அது போட்ட குலுக்கலில் நேற்றுத் தின்ற மரவள்ளிக்கிழங்கு தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்தது.

போன இடம் பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். பதினைந்து மைல் இருக்கும். அங்கே ஒரு கல்யாணம். எனக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. என் மளிகைக் கடையில் விற்க ஒன்றும் இல்லாமல் போனபின் என்னிடம் மிச்சமிருந்த சரக்கு என் தொண்டைதான். மொய் எழுத நோட்டுப் புத்தகம்கூடக் கிடைக்காத காலம் அது. யார் என்ன மொய் வைத்தார் என்று நான் ஊர் கேட்கக் கூவுவேன். கூவியதை மறக்கவும் மாட்டேன். கூலி இரண்டு படி அரிசி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரிசி என்ற சொல்லுக்கே பதினைந்து மைல் மிதிக்கலாம்.

ஒன்பதரைக்கு ஆற்றங்கரை ஊரான சிடாம் கிரி. வறுத்த சோளத்தைப் பொடித்து அதற்குக் காப்பி என்று பேர் வைத்து விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. ஒரு குவளை ஒரு வெள்ளி, அதுவும் வாழைமர நோட்டு என்று பேர் வாங்கிய ஜப்பான் பணத்தில். "ஆத்தைத் தாண்டியா போறீங்க? பாத்துப் போங்கண்ணே," என்றார். "குடியிருக்கிற கரையில ஒரு வரி, சம்பாதிக்கிற கரையில ஒரு வரி. ரெண்டு பக்கமும் நாலுல ஒரு பங்கு. நடு ஆத்துல நின்னு சம்பாதிச்சாத்தான் தப்பிக்கலாம் லா!"

மூடா ஆற்றில் படகுக்கு ஐம்பது காசு. படகோட்டி வயதான மலாய்க்காரர். காப்பிக்கார அம்மாவின் யோசனையை அவருடைய மொழியில் சொன்னேன். துடுப்பைத் தொடைமேல் வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நடு ஆற்றில் சம்பாதிப்பவர் அவர்தானே? அவரிடம் இரண்டு கரைக்காரர்களும் வாங்குகிறார்களாம். அடப்பாவிகளா என்று எனக்குத் தமிழில்தான் வந்தது. அவருக்கும் புரிந்தது.

பதினொன்றரைக்குத் தோட்டம். மரங்களைச் சீவ ஆளில்லை. பால் எடுத்தாலும் வாங்க ஆளில்லை. கூலிக்காரர்களின் லயத்து வீடுகளுக்கு நடுவே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்ணின் தாய் அஞ்சலை ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். கல்யாணத்துக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்று நான் கேட்கவில்லை. கல்யாணமாகாத ஆளைத்தான் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு முதலில் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மாப்பிள்ளைக்கு ஜித்ரா பக்கம் நெல்வயல் வேலை. அரிசியும் அவர்கள் கொண்டுவந்ததுதான்.

அஞ்சலை என்னை உள்ளே கூட்டிப்போனாள். அவள் புருஷன் மாணிக்கம் மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கிடந்தார். மலேரியாக் காய்ச்சல். கண் திறந்திருந்தும் ஆளை அடையாளம் தெரியவில்லை.

"ஒருத்தன் கொய்னா மாத்திரை வச்சிருக்கான் அண்ணே. எம்பது வெள்ளி. பொழுது சாயிற வரைக்கும்தான் வச்சிருப்பானாம், அப்புறம் வேற ஆளுக்குக் கொடுத்துருவானாம். மொய்யை நம்பித்தான் இருக்கேன். மக கழுத்துல தாலி ஏறுற அன்னிக்கே என் தாலி எறங்கிடக் கூடாது."

"நான் கூவுற கூவுல எம்பது என்ன, நூறே வரும். போம்மா, வேலையைப் பாரு," என்றேன்.

தாலி கட்டி முடிந்ததும் ஆரம்பித்தேன். அன்றுபோல் நான் என்றும் கூவியதில்லை. ஒரு வெள்ளி வைத்தவரையும் ராஜா மாதிரி கூப்பிட்டேன். இரண்டு வைக்க வந்தவர் என் குரலுக்குக் கூசி மூன்று வைத்தார். எண்பத்து நான்கு வந்துவிட்டது. அஞ்சலையின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

பந்தி ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒல்லியான ஆள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சட்டைப்பையில் பென்சில் இருந்தது. அந்தக் கரையில் வரி வாங்கும் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி. தமிழர்தான்.

"எம்பத்து நாலு வெள்ளி வருமானம். நாலுல ஒரு பங்கு, இருபத்தொண்ணு எடுத்து வைங்க," என்றார். குரலில் அதட்டல் இல்லை, களைப்புதான் இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளை அன்று நான்தான். நான் தொண்டை கிழியக் கூவாவிட்டால் அவருக்குக் கணக்கு எப்படித் தெரியும்? அஞ்சலை முந்தானையில் முடிந்த பணத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. பழைய ராகத்திலேயே இழுத்துவிட்டேன்: "பந்தியில உக்காந்து வயிறாரச் சாப்பிட்ட கிராணி ஐயா மொய்யீ...!"

பந்தலே கிராணியைத் திரும்பிப் பார்த்தது. கை நனைத்துவிட்டு மொய் வைக்காமல் போனால் எந்தத் தமிழனுக்கும் அவமானம்தானே? கிராணியின் காது சிவந்தது. பையைத் துழாவி ஒரு பத்து வெள்ளி நோட்டை எடுத்து வைத்தார்.

"கிராணி ஐயா மொய் பத்து வெள்ளி!"

அஞ்சலை அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்குங்களா ஐயா?"

"ஒண்ணு. ரெண்டு வயசு."

"அது கல்யாணத்துக்கு இந்தப் பத்தையும் செஞ்சு, மேல ஒண்ணும் வச்சு செய்வோம் ஐயா. எங்க வீட்டுக்காரரே வந்து செய்வாரு."

கிராணி அவளையே பார்த்தார். பிறகு சாக்குக்குள் நடுங்கும் ஆளை வாசல் வழியே பார்த்தார். "திருப்பிச் செய்யணும்னா அது வருமானம் இல்ல, கடன். கடனுக்கு வரி கிடையாது," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். என் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கிவிட்டது. "ஆனா அண்ணே, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வெறுங்கையோட திரும்பினா எனக்கு ஆபீஸ்ல ஜப்பான்காரன்கிட்ட அறை விழும்."

பாவம், அவருக்கும் கன்னம் ஒன்றுதானே. "இங்க இன்னிக்கு சம்பாதிச்சவன் நான் ஒருத்தன்தான். என்கிட்ட எடுத்துக்குங்க," என்று என் இரண்டு படி அரிசியை நீட்டினேன். அரைப்படி அளந்து கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பொழுது சாய்வதற்குள் மாணிக்கத்தின் தொண்டையில் முதல் மாத்திரை இறங்கியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தேன்.

என் கரையில் இறங்கினால் அங்கே வேறொரு கிராணி. அரிசியைத் தூக்கிப் பார்த்தார். மொய் கூவிய கூலி இரண்டு படி, அந்தக் கரையில் வரி கட்டியாயிற்று என்றேன். "அது அவங்களுக்கு. நீங்க குடியிருக்கிறது இங்க. ரெண்டு படிக்கு அரைப்படி." ஒன்றரைப் படிதானே இருக்கிறது என்றால், சம்பாதித்தது இரண்டு என்றார். ஆற்றைத் திரும்பிப் பார்த்தேன். படகோட்டி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அளந்து கொடுத்தேன்.

"மொய் கூவினேன்னீங்களே, மொத்தம் எவ்வளவு விழுந்துச்சு?" என்று விடாமல் கேட்டார்.

"கூவினதோட மறந்துடுவேன் ஐயா. தொழில் அப்படி."

வீட்டில் ஒரு படி அரிசியைக் கண்டு என் மனைவி சண்டை போடவில்லை. கஞ்சி வைத்தாள். சுங்கைப்பட்டாணியில் பாடாங் மேஹாவைவிடக் கடைகள் அதிகம், விளக்குகள் அதிகம். அன்று இரவு எனக்கு என் ஊர்தான் ஏழை ஊராகத் தெரிந்தது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் எலும்பும் தோலுமாய் ஒருவர் குச்சி ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். பின்னாலேயே அஞ்சலை வந்ததால்தான் மாணிக்கம் என்று தெரிந்தது. "எனக்கு அன்னிக்கு நெனவே இல்ல அண்ணே. யாரு யாரு செஞ்சாங்கன்னு சொல்லுங்க, திருப்பிச் செய்யணும்ல," என்றார். ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, முதல் மொய்யிலிருந்து மெல்லிய குரலில் கூவினேன். ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் கிராணியின் பத்து வெள்ளி.

"அவரு பொண்ணுக்கு என்ன வயசு?"

"ரெண்டு."

மாணிக்கம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்போ நான் இன்னும் பதினாறு வருசமாச்சும் இருந்தாகணுமே லா," என்றார்.