வாடை நின்ற வீடு

சண்முகவடிவுக்கு மூக்குதான் காவல்காரன். தி.நகரில் ரவிக்கைத் துணிக்கடை வைத்திருந்த அந்த விதவை, தாயில்லாத தம்பி ஜவஹரின் சட்டையைத் தினமும் முகர்ந்துவிட்டுத்தான் சோப்புத் தண்ணீரில் போடுவாள்.

எழுபத்துமூன்றாம் வருஷம் அதில் கஞ்சா வாடை வந்தது. சில நாளிலேயே அடையாறு கடற்கரையில் அவனைப் பொட்டலத்தோடு பிடித்துவந்தார் ஏட்டு கபாலி.

"கையில வச்சிருந்தாலே கேஸும்மா. படிக்கிற புள்ளன்னு உட்றேன். ஆனா இத்தோட நிக்காது, பெர்சா இன்னொண்ணு தேடிக்கினு போவும்."

அவர் போனதும் ஜவஹர் சிரித்தான். "சாமியாருவளே குடிக்காவ. இதுல என்னக்கா?"

அவள் விடவில்லை. கற்பூரம் ஏற்றினாள். "இனிமே கஞ்சாவத் தொடமாட்டேன்னு சொல்லிக் கற்பூரத்த அணைல."

உள்ளங்கையால் அணைத்தான்.

வாடை நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள்.

பிறகு வீட்டில் சத்தமும் நின்றது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். உதட்டில் ஈ உட்கார்ந்தால் ஓட்டமாட்டான். கூப்பிட்டால் வெகுநேரம் கழித்துத் திரும்பி, அவளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்த்துச் சிரிப்பான். கண்மணிகள் கடுகாகச் சுருங்கியிருக்கும். அவள் போய்ச் சட்டையை மறுபடி முகர்ந்து பார்ப்பாள். அதில்தான் வாடை இல்லையே!

சட்டையின் இடது முழங்கைப் பக்கம் மட்டும் பொட்டுப்பொட்டாக ரத்தம் இருந்தது. மூட்டைப்பூச்சி என்று மெத்தையை வெயிலில் போட்டாள், கட்டில் சந்துகளில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். ஒரு பூச்சிகூட வெளியே வரவில்லை. மறுநாளும் அதே இடத்தில் ரத்தம். மூட்டைப்பூச்சிக்கு ஒரு கைதான் பிடிக்குமா?

ஆடி மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவள், அவன் உதட்டில் ஈயைப் பார்த்தாள். கூப்பிட்டாள். அவன் திரும்பவே இல்லை. சில்லிட்டிருந்த இடது கையில் சட்டையைச் சுருட்டினாள். எறும்பு வரிசையாக ஊசித் தழும்புகள். தலையணைக்கடியில் மார்ஃபின் போதை ஊசிமருந்துக் குப்பிகள்.

கபாலி வந்தார். "இன்னாம்மா, மறுபடியும் கஞ்சாவா?"

"இல்லய்யா. அத அவன் தொடவேயில்ல. சத்தியத்தக் காப்பாத்திட்டான்."

கஞ்சாதான் அவனை அந்த ஊசிக்குக் கூட்டிப்போனதா, அதை மட்டும் பேர் சொல்லித் தான் வாங்கிய சத்தியமா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் தெருவில் எவனாவது கஞ்சா புகைத்துக்கொண்டு போனால், மற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள். அவள் மட்டும் வாசலுக்கு வந்து, அந்த வாடை போகும்வரை மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பாள்.