உட்பக்கத்தில் இருக்கும் எண்கள்

இல்லை, வண்டியால் அல்ல. காய்ச்சல். நான்கு நாள். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பத்து நாளாக நீங்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறீர்கள்: வண்டி கவிழ்ந்ததா, டயர் வெடித்ததா. பதினோரு வருடம் குன்றுகளிலும் ஓடைகளிலும் வண்டியில் சுற்றிய ஒருவர் கட்டிலில் படுத்து இறந்தார் என்பதை நம்ப உங்களுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

செய்தியைச் சொன்னவர் எங்கள் ஓட்டுநர் ஏழுமலை. காலை ஆறரை மணிக்குத் தொலைபேசியில். "தெரேஸ் அக்கா போயிட்டாங்க மேடம்."

நான் அழவில்லை. "யார் சொன்னது? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "அக்கா மாதிரியே கேக்குறீங்க."

லாஸ்பேட்டையில் ஒரு வாடகை வீட்டு மாடிதான் எங்கள் அலுவலகம். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் மிச்சமிருக்கும் காட்டைக் கணக்கெடுக்கிறோம். நான் செடிகளைப் பார்ப்பவள். தெரேஸ் அக்கா மற்ற எல்லாவற்றையும் பார்ப்பவர்: அனுமதிக் கடிதம், தண்ணீர், முதலுதவிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். யார் எதைச் சொல்லி முடித்தாலும் "அலோர்…" என்பார். அப்புறம் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தக் கடைக்காரரும் நிம்மதியாக நின்று நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் டயர் வாங்கப் போனோம். கடைக்காரர் ஏழுமலையிடம் மட்டும் பேசினார். பெரிய பெரிய பல் வைத்த சேற்று டயர் ஒன்றை உருட்டி வந்தார். "அண்ணே, இத மாட்டுனா வண்டி சிங்கம் மாதிரி நிக்கும்."

"மழையில திண்டிவனம் ரோட்டுல சிங்கத்துக்கு பிரேக் பிடிக்குமா?" என்றார் தெரேஸ் அக்கா.

கடைக்காரர் அப்போதுதான் அவரைப் பார்த்தார்.

"நாங்க சேத்துல போறது வருஷத்துல நாலு நாளு. மீதி நாளு தார் ரோடு, அது முடிஞ்சா கல்லு. கல்லு அடியில கிழிக்காது, பக்கத்துல கிழிக்கும். பக்கம் தடிச்ச டயரா காட்டுங்க."

காட்டினார். "புத்தம் புதுசும்மா. இன்னிக்கு எறக்குனது."

"எறக்குனது இன்னிக்கு. செஞ்சது என்னைக்கு?"

டயரின் பக்கச் சுவரில் நீளமாக ஒரு வரிசை எழுத்தும் எண்ணும் அச்சாகியிருக்கும். அதன் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு, அது செய்யப்பட்ட வாரம். அடுத்த இரண்டு, வருடம். கடையில் சும்மா அடுக்கி வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். இன்னொன்றும் உண்டு. அந்த நான்கு எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உட்புறம் திரும்பும்படி மாட்டிவிட்டால், வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும்.

நான்கையும் மாட்டியதும் அவர் படுத்தார். கடை வாசலில் சாக்கை விரித்து, சுடிதாரோடு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எழுந்து வந்து, பழையதாக இருந்த ஒரு டயரை மட்டும் கழற்றச் சொன்னார். என்னிடம் சொன்னார்: "விக்கிறவன் எந்தப் பக்கத்த காட்டலையோ, அங்க போயி படு."

வண்டியின் அடிப்பாகத்துக்குத் தகடு போட்டது சேதராப்பட்டில். இன்ஜினுக்குக் கீழே கல் இடிக்காமலிருக்க ஒரு கவசம். பட்டறைக்காரர் ஏற்கெனவே செய்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, மாட்டியும் வைத்திருந்தார். தெரேஸ் அக்கா குனிந்து விரல் முட்டியால் தட்டினார்.

"இது கவசமில்ல. பாவாடை."

"எந்தக் கல்லு பட்டாலும் தாங்கும்மா. நான் கியாரண்டி."

"அலோர்… அப்ப அது மேலயே ஜாக்கி வையுங்க. வண்டிய தூக்குங்க."

பட்டறைக்காரர் சிரித்தார். தெரேஸ் அக்கா சிரிக்கவில்லை. ஜாக்கி வைத்தார்கள். வண்டி எழவில்லை. தகடு மட்டும் மேலே குழிந்து ஆயில் தொட்டியில் போய் முட்டி நின்றது.

பிறகு தடித்த இரும்பில் வேறொன்று செய்யச் சொன்னார். பம்பரில் தொங்கக் கூடாது, வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஆயில் இறக்கும் இடத்துக்கு நேராக ஓர் ஓட்டை வேண்டும். எதற்கு என்று கேட்டேன்.

"ஓட்டை இல்லன்னா ஒவ்வொரு தடவ ஆயில் மாத்தவும் தகட கழட்டணும். என்னைக்காவது ஒரு நாளு திரும்ப மாட்டாம விட்டுடுவாங்க. இல்லியா ஏழுமலை?"

"நான் அந்த மாதிரி ஆளாக்கா?"

"இன்னிக்கு இல்ல."

நான் அவரைச் சந்தேகித்தேன். இதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு திட்டியும் ஏன் திரும்பத் திரும்ப அதே டயர் கடை? எல்லோருக்கும் எதிரில் இத்தனை சத்தமாகச் சந்தேகப்படுவதே ஒரு மறைப்பாக இருக்கலாம் அல்லவா? ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறது என்று படிக்க, செடிகளுக்கு வருமுன் நான் இலக்கியம் படித்த பல்கலைக்கழகத்தில் எனக்குப் பழக்கியிருந்தார்கள். நான் அவரை அப்படிப் படித்தேன்.

ஒரு சனிக்கிழமை தனியாக அந்தக் கடைக்குப் போனேன். "அந்த அம்மாவுக்கு நீங்க கமிஷன் ஏதாவது தர்றீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"கமிஷனா? நல்லா கேட்டீங்க போங்க. அந்தம்மா இங்க ஒரு டீ குடிச்சதில்ல. வாங்கிக் குடுத்தா, இதுல என்னா கலந்தன்னு கேக்கும். நான் பழைய சரக்க திருப்பி எடுத்துக்கிறேன்னுதான் இங்க வருது. வேற கடையில அடிக்க வருவான்."

திங்கட்கிழமை நான் பையை வைப்பதற்குள் தெரேஸ் அக்கா மேசைக்கு வந்துவிட்டார்.

"சனிக்கெழம கடைக்குப் போனியாமே?"

"ஆமா."

"என்னைப் பத்தி விசாரிக்கவா?"

"ஆமாக்கா."

அவர் சிரித்து நான் பார்த்தது சில தடவைகள்தான். அது ஒன்று. "அலோர்… இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் இந்த ஆபீஸ்ல வேலைக்கு ஆள் வந்திருக்கு."

அதன் பிறகு வண்டிப் பதிவேட்டில் சரிபார்த்துக் கையெழுத்திடும் வேலையில் பாதி எனக்கு வந்தது. ஏழுமலை பார்த்ததை அவர் மறுபடி பார்ப்பார். அலுவலகத் தலைவர் பார்த்ததையும் பார்ப்பார். நான் பார்த்ததைப் பார்க்கமாட்டார். இது புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. தன்னைச் சந்தேகித்தவளை மட்டும் அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

நான்கு மாதங்களுக்கு முன்பு வண்டிக்கு மறுபடியும் டயர் மாற்றினோம். தெரேஸ் அக்கா காரைக்காலில், தன் அக்காவின் மகள் கல்யாணத்தில் இருந்தார். நான் போய்ப் பார்த்து எடுக்க வேண்டும். மழை. நான் போய்ச் சேர்வதற்குள் நான்கையும் மாட்டிவிட்டார்கள். முன் டயர்கள் இரண்டிலும் எண்கள் வெளிப்பக்கம் தெரிந்தன. சரியாக இருந்தன. ஸ்டெப்னியும் சரி. பின் டயர்கள் இரண்டிலும் வெளிப்பக்கம் எண்கள் இல்லை. அப்படியென்றால் உட்பக்கம். வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். சாக்கு நனைந்து கிடந்தது. நான் வெள்ளைச் சுடிதாரில் வந்திருந்தேன்.

"எல்லாம் ஒரே லாட்டும்மா, ஒண்ணா வந்தது," என்றார் கடைக்காரர்.

அதே கடை. அதே ஆள். நம்பினேன். பதிவேட்டில் 'ஐந்தும் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தெரேஸ் அக்கா திரும்பி வந்த காலை, சாக்கும் டார்ச்சுமாக வண்டி ஷெட்டுக்கு இறங்கினார். ஏழுமலை சொன்னார்: "மேடம் பாத்து கையெழுத்து போட்டுட்டாங்கக்கா."

அவர் பதிவேட்டைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"நீயா பாத்த?"

"ஆமா."

"அஞ்சும்?"

"அஞ்சும்."

"சரி," என்றார். சாக்கை நான்காக மடித்து இடுக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு ஆறு பயணங்கள். குன்றிலிருந்து இறங்கும் பாதை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. நான் பின் இருக்கையில், இடது சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பேன். அவர் முன்னால். ஒவ்வொரு இறக்கத்திலும் சொல்லிவிட நினைத்தேன். தரை சமமானதும் மறந்ததாக நடித்தேன்.

அவருக்குத் தெரிந்திருக்குமோ என்றும் நினைத்ததுண்டு. நான் வீட்டுக்குப் போன பிறகு படுத்துப் படித்துவிட்டு, எத்தனை நாள் தாங்குகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாரோ? அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. பழைய டயர் என்று தெரிந்தும் நம்மை ஏற்றிக்கொண்டு போகிறவர் அல்ல அவர்.

போன ஞாயிறு அலுவலக மாடியில் கூடினோம். படத்துக்குப் பூ வைத்தோம். எழுந்து பேசிய ஒவ்வொருவரும் ஒன்றையே சொன்னீர்கள்: தெரேஸ் யாரையும் நம்பியதில்லை. சொல்லிச் சிரித்தீர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். என்னையும் பேசச் சொன்னீர்கள். தொண்டை சரியில்லை என்றேன். அதுவும் பொய்தான். அவர் ஒருமுறை நம்பினார். அதற்கு நானும் ஏழுமலையும் சாட்சி. அது தவறான நம்பிக்கை என்பதற்கு நான் மட்டும்.

அவருடைய டார்ச்சை ஏழுமலை வைத்துக்கொண்டார். பிரெஞ்சு அகராதி தங்கைக்குப் போனது. என்னிடம் இருப்பது அந்தச் 'சரி' மட்டும். யாருக்கும் கொடுத்துவிட முடியாதது அது.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை ஆறு பேர் செஞ்சிக்குப் புறப்படுவதாக இருந்தது. நான் ஐந்தரைக்கே ஷெட்டுக்குப் போனேன். தரையில் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தேன். பின் வலது டயரில் பூஜ்யம், எட்டு; இந்த வருடம். பின் இடதில் சேறு காய்ந்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். கடைசி இரண்டு எண்கள் பூஜ்யம், மூன்று. ஐந்து வருடப் பழைய ரப்பர். சுவரில் மெல்லிய வெடிப்புகள். ஏழுமலை வந்ததும் அவரையும் படுத்துப் படிக்கச் சொன்னேன். எழுந்து நின்று அவர் என்னைப் பார்த்தார். பதிவேட்டை எடுத்து வந்து கொடுத்தார்.

பதிவேட்டில் என் பழைய வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: 'பின் டயர்கள் இரண்டையும் அன்று நான் பார்க்கவில்லை. இடது டயர் பழையது. மாற்றும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.' கையெழுத்திட்டுத் தேதி போட்டேன். செஞ்சிக்குத் தொலைபேசி செய்து இன்று வரவில்லை என்று சொன்னேன்.