தோளில் ஒரு கை

வைகை அணைக்குப் போகிற வழியில், வாடிப்பட்டி நெருங்கும்போது மகளுக்குப் பசிக்கிறது. சாலையோர டீக்கடையில் காரை நிறுத்துகிறேன். உச்சி வெயில். கடை வாசலில் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை, அச்சடித்த பக்கம் வானத்தைப் பார்க்க, பந்தலாகக் கட்டியிருக்கிறார்கள்.

பன்னைக் கடித்தபடி மகள் அண்ணாந்து பார்க்கிறாள்.

"அப்பா, மேல ஒரு மாமா நம்மளையே பாக்குறாரு."

வெயில் ஊடுருவி ஒரு முகம் தெரிகிறது. சிரிக்கும் இளைஞன். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றன. அவன் தோளில் ஒரு கை கிடக்கிறது. நடுவிரலில் சிவப்புக்கல் மோதிரம். மணிக்கட்டுக்கு அப்பால் ஆளே இல்லை.

நான் டிசைனர். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஒருவரைப் பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் கைகளை அழிப்பது எனக்கு அன்றாட வேலை. எவனோ அரைகுறையாக விட்டிருக்கிறான் என்று எரிச்சல் வருகிறது.

மேசை துடைக்க வந்த கடைக்காரரிடம், "அண்ணே, டிசைன் பண்ணவரு அந்தக் கைய எடுக்க மறந்துட்டாரு போல" என்கிறேன்.

அவர் நிமிராமலே சொல்கிறார்.

"மறக்கலண்ணே. அவன் என் தம்பி. கை இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். ஒத்தையில போறான்ல."

மேகம் வெயிலை மறைக்கிறது. பந்தலிலிருந்த முகம் மெல்ல இல்லாமல் போகிறது. சிவப்புக்கல் மோதிரம் போட்ட கை மட்டும் எங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.